கொக்கு பின்தொடராத உழவு: மண்புழுவை வயலுக்குத் திரும்ப வரவைக்கும் முழுமையான வழிகாட்டி

அடுத்த முறை உங்கள் வயலில் டிராக்டர் இறங்கும்போது வரப்பில் நின்று பின்னால் பாருங்கள். எத்தனை கொக்கு வருகிறது?

எங்கள் காவிரிப் பாசனப் பகுதியில், எந்த வயலில் உழவு நடக்கிறது என்பதைக் கொக்குக் கூட்டத்தை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். ஏர் மாடு நடந்த காலத்தில் கலப்பைச் சாலிலேயே மைனாவும் கொக்கும் நடந்து வரும். புரண்டு விழும் மண்ணில் புழு, பூச்சி, வெட்டுக்கிளி, தவளை என்று அவற்றுக்கு விருந்து இருந்தது. இன்று சில வயல்களில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஒரு மணி நேரம் ஓடினாலும் இரண்டு கொக்குதான் வந்து நிற்கிறது. அதுவும் சிறிது நேரத்தில் வாய்க்கால் பக்கம் பறந்துவிடுகிறது. மண்ணில் புழு இல்லை என்று பறவைக்குத் தெரிந்த சேதி நமக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மண்புழுவைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து வயலில் கொட்டாதீர்கள். அது காசுக்கும் கேடு, புழுவுக்கும் கேடு. புழு வாழ முடியாத இடமாக வயல் ஆனது எப்படி என்று கண்டுபிடித்து, அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கினால் வரப்பில் இன்னும் மிச்சமிருக்கும் புழு தானே உள்ளே வரும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கானவை.

எந்தப் புழுவைப் பற்றிப் பேசுகிறோம்

பழந்தமிழில் நாங்கூழ், பேச்சில் நாக்குப்பூச்சி, எழுத்தில் மண்புழு. பெயர் பொதுவாக இருந்தாலும் அவை மூன்று வகையாக வாழ்கின்றன. மேலே கிடக்கும் சருகிலும் சாணத்திலும் வாழ்வது ஒரு வகை. மேல்மண்ணுக்குள் கிடைவாக வளை போட்டு, மண்ணையே தின்று வாழ்வது இரண்டாவது. மூன்றாவது வகை செங்குத்தாக ஆழ வளை தோண்டும். இரவில் மேலே வந்து இலை தழையை இழுத்துக்கொண்டு போகும், எச்சத்தை வளை வாயில் குவித்துப் போடும். மழைக்காலக் காலையில் வரப்பில் சேமியா சுருட்டி வைத்ததுபோல் சிறு மண்குவியல் பார்க்கிறோமே, அது மண்புழு போட்ட எச்ச மண்தான்.

மண்புழு உரக்குழிகளில் வளர்க்கும் ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே ஆகியவை மேல்மட்டத்தில் வாழ்பவை. ஒன்று ஐரோப்பாவிலிருந்தும் மற்றது ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. அவற்றுக்குத் தடிமனான எருப் படுக்கை வேண்டும். உழுத வயலில், வெயிலில், உணவில்லாமல் அவை சில நாளில் மடிந்துவிடும். நம் மண்ணில் ஆழத்துக்கும் மேலுக்கும் போய்வந்து உண்மையில் உழவு செய்வது லாம்பிட்டோ மாரிட்டி போன்ற உள்ளூர்ப் புழுக்கள். சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களை வைத்தே பல்லாண்டுகள் ஆய்வு செய்து, வெளிநாட்டுப் புழுவைத் தேடிப் போக வேண்டியதில்லை என்று தொடர்ந்து சொல்லி வந்தார். உரக்குழிப் புழு உரம் தயாரிக்க மிக நல்லது. வயலில் அதை எதிர்பார்ப்பது மீனைத் தென்னையில் ஏற்றுவது போன்றது.

இந்த உயிர் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகவே மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் சாவு. தோலின் மேல் உப்போ நஞ்சோ பட்டால் அது நேரே உடலுக்குள் போகும். அதற்கு உணவு மக்கும் தாவரப் பொருளும் அதன்மேல் வளரும் நுண்ணுயிர்களும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று சிறுவயதில் கேட்டிருப்போம். அது பொய். வால் பக்கம் கொஞ்சம் அறுந்தால் தலைப் பக்கம் பிழைக்கக்கூடும், அவ்வளவுதான். ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

புழு மட்டும் தனியாக இல்லை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள், நூற்புழுக்கள், துள்ளுப்பூச்சிகள், மரவட்டை, கரையான், சாணிவண்டு என்று ஒரு ஊரே இருக்கிறது. நூற்புழு என்றாலே பயப்படுகிறோம். அவற்றில் பெரும்பகுதி பயிரைத் தொடாதவை, பாக்டீரியாவைத் தின்று தழைச்சத்தை (நைட்ரஜனை) வேருக்கு விடுபவை. மானாவாரிக் கரிசலிலும் செம்மண்ணிலும் மண்புழு செய்யும் வேலையில் ஒரு பங்கைக் கரையான் செய்கிறது. மண்புழுவை எண்ணுவதற்குக் காரணம், கண்ணால் பார்த்துக் கையால் எளிதாக எண்ணக்கூடியது அது என்பதே.

வயலில் என்ன நடந்தது

1960-61-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், மருந்து, கடன் என்று எல்லாம் ஒரே கட்டாக வந்தன. பின்னர் குட்டை ரக நெல் வந்தது. பசி தீர்ந்தது, அதை யாரும் மறுக்கக் கூடாது. அந்த விளைச்சல் வந்திராவிட்டால் இந்த விவாதத்துக்கே நாம் இருந்திருக்க மாட்டோம். ஆனால் உரமூட்டை வந்த அதே வேகத்தில் எருவண்டி நின்றது. கவலைப்பட வேண்டியது அங்கேதான்.

அதற்கு முன் ஒரு நஞ்சையில் என்னென்ன விழுந்தன என்று நினைத்துப் பாருங்கள். கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து கிடை போடுவார்கள். கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழப்படும். வேம்பு, புங்கன், எருக்கு, நொச்சி என்று தழை வெட்டி மிதிப்பார்கள். ஏரி வண்டல் வண்டியில் வரும். வீட்டு மாட்டுச் சாணம் குப்பைக்குழியில் ஓராண்டு மக்கி வயலுக்குப் போகும். இவையெல்லாம் நெல்லுக்கு மட்டும் போட்ட உணவல்ல, மண்ணில் இருந்த அத்தனை வாய்க்கும் போட்ட சோறு. யூரியாவில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்து இருக்கிறது, புழுவும் நுண்ணுயிரும் தின்று உயிர் வாழக்கூடிய மக்குப் பொருள் அதில் இல்லை. பயிர் சாப்பிட்டது, புழு பட்டினி கிடந்தது.

அடுத்த அடி வைக்கோலிலிருந்து வந்தது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு தாளையும் சுருட்டுகிற இயந்திரம் வந்தது. கட்டுக் கட்டாக லாரி ஏறுகிறது. ஒரு டன் வைக்கோலோடு ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் வயலை விட்டு வெளியேறுகின்றன. அதைவிடப் பெரிய இழப்பு அதிலிருக்கும் கரிமம். கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையாகப் போய்விடும்.

மூன்றாவது, உழவின் வகை. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறியது. ரோட்டவேட்டர் அரைக்கிறது. வளை, முட்டைக்கூடு, பூஞ்சை இழை எல்லாம் தூளாகின்றன. அதே ஆழத்தில் ஆண்டுக்கு மூன்று முறை, சேற்றில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) வேறு, என்று போனால் முக்கால் அடிக்குக் கீழே மண் ஓடுபோல் இறுகிவிடும். கோடை வந்தால் புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு தூங்க வேண்டும். அந்த ஓட்டைத் துளைக்க முடியாமல் மேலேயே காய்ந்து சாகிறது. வேரும் அங்கேயே நின்றுவிடும்.

நான்காவது குருணை மருந்து, அதாவது மண்ணில் தூவும் குறுமணிப் பூச்சிமருந்து. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி: குழி எடுத்து எண்ணுங்கள்

எண்ணாமல் எதையும் தொடங்காதீர்கள். மூன்று ஆண்டு கழித்து "மாறியிருக்கிறதா?" என்று கேட்டால் பதில் சொல்ல எண் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில், நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்து, காலையில் எடுங்கள். கோடையில் தோண்டினால் புழு ஆழத்தில் இருக்கும், இல்லை என்று தவறாக முடிவு செய்துவிடுவீர்கள். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தாளடி (இரண்டாம் போக நெல்) அறுவடை முடிந்து மண் மிதமான ஈரத்தில் இருக்கும்போது பாருங்கள்.

பத்து அங்குல நீளம், பத்து அங்குல அகலம், ஓர் அடி ஆழம். வெப்பமண்டல நாடுகளில் மண்ணுயிர் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 25 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் ஆழம் என்ற அளவு இதுதான். மண்வெட்டியால் கட்டியாக எடுத்துச் சாக்கின்மேல் வைத்து, கையால் உதிர்த்து ஒவ்வொரு புழுவாக வாளியில் போடுங்கள். இதற்கு அவசரம் ஆகாது, ஒரு குழிக்குக் கால் மணி நேரம் கொடுங்கள். வந்த எண்ணிக்கையை 16-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு வரும்.

ஆழத்தில் ஒளிந்திருப்பவை வேண்டுமானால், 4 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் கடுகுத் தூளைக் கரைத்து, வெட்டிய குழியின் அடியில் மெதுவாக ஊற்றுங்கள். கடுகின் காரம் தோலில் பட்டதும் பத்து நிமிடத்துக்குள் மேலே வரும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், அதற்கு எரியும்.

குழிகள் மூன்று இடத்தில் வேண்டும்: வயலின் நடுவில், வரப்பை ஒட்டி, உழவு படாத ஒரு மரத்தடியில். வயலுக்குள் மட்டும் ஐந்து குழி எடுத்துச் சராசரி பாருங்கள். இத்தனை புழு இருந்தால் நல்ல மண் என்று புத்தகங்களில் வரும் எண்களில் பல, குளிர் நாட்டு மண்ணுக்கு எழுதப்பட்டவை. அதை நம் களிமண்ணுக்கோ செம்மண்ணுக்கோ பொருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் மரத்தடிதான் உங்கள் அளவுகோல். மரத்தடியில் 12, வரப்பில் 8, வயல் நடுவில் 1 என்றால் அந்த 1-க்குக் காரணம் வானமோ மண்ணின் பிறவிக் குணமோ அல்ல, நாம் செய்த வேலை.

புழுவின் நிறத்தையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பக்கம் தடித்த வளையம் இருந்தால் வளர்ந்த புழு. வளையமே இல்லாத சிறு புழுக்கள் மட்டும் கிடைத்தால், பொரிந்து வருகின்றன, ஆனால் பெரிதாகும் முன் ஏதோ கொல்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பிரிட்டனில் விவசாயிகளே இப்படித் தங்கள் வயலைத் தோண்டி எண்ணினார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் 42 சதவீத வயல்கள் மண்புழு குன்றிய நிலையில் இருந்தன. எண்ணி முடித்ததும் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் முறையை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். கையில் எடுத்துப் பார்த்த எண்ணுக்கு அப்படி ஒரு வலு.

இரண்டாம் படி: மற்ற சாட்சிகளையும் கேளுங்கள்

காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக வையுங்கள். உடனே கரைந்து கூழானால் அதைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டிய பூஞ்சையும் மக்கும் இல்லை. மரத்தடிக் கட்டியைப் பக்கத்து டம்ளரில் வைத்து ஒப்பிடுங்கள். குழந்தைகளை அழைத்துக் காட்டலாம்.

சாயம் போடாத பருத்தித் துணித் துண்டை அரை அடி ஆழத்தில் புதைத்து இரண்டு மாதம் கழித்து எடுங்கள். நார் நாராகக் கிழிந்தால் நுண்ணுயிர் வேலை செய்கிறது. மடித்து வைத்தபடியே வந்தால் மண் உறங்குகிறது. மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் நல்ல நிலை. ஒரு கூரான கம்பியை ஈர மண்ணில் குத்தி இறக்குங்கள். எந்த ஆழத்தில் முட்டுகிறதோ அங்கேதான் அந்த இறுகிய ஓடு.

மூன்றாம் படி: முதலில் சோறு போடுங்கள்

உழவைக் குறைப்பதா, மருந்தை நிறுத்துவதா, எதை முதலில் செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். உணவுதான் முதலில். பட்டினி கிடக்கும் மண்ணில் மற்ற எதைச் செய்தாலும் பலன் தெரியாது.

2014-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மண்புழு இருக்கும் மண்ணில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை தெரிந்தது: தாளும் தழையும் மண்ணுக்குத் திரும்பிய இடத்தில்தான் அந்தப் பலன் பெரிது. தழைச்சத்து உரம் நிறையக் கொட்டிய இடத்தில் புழுவின் பங்கு சுருங்கியது. புழு தன்னிடமிருந்து சத்தை உண்டாக்குவதில்லை. மக்கும் பொருளுக்குள் பூட்டிக் கிடப்பதைத் திறந்து விடுகிறது. பூட்டிய பெட்டியே இல்லாத இடத்தில் சாவிக்கு என்ன வேலை?

பசுந்தாள் உரத்தில் தொடங்குங்கள், அதுவே மலிவு. ஏக்கருக்குத் தக்கைப்பூண்டு 20 கிலோ, சணப்பு என்றால் 10 முதல் 15 கிலோ. பூக்கத் தொடங்கும் 45-ஆம் நாளை ஒட்டி மடக்கிவிடுங்கள். முற்றவிட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் விதை தருகிறார்கள், உங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். தண்ணீர் குறைந்த இடத்தில் கொளுஞ்சி. ஒருமுறை விழுந்த விதை அடுத்த கோடையிலும் தானே முளைக்கும். தோட்டக்கால் என்றால் பலதானிய விதைப்பு இன்னும் நல்லது, ஏனெனில் பல வகை வேர் பல வகை நுண்ணுயிருக்கு உணவு.

தொழுஉரம் ஏக்கருக்கு 5 டன் என்பது வழக்கமான பரிந்துரை. இன்று அத்தனை சாணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. எல்லா நிலத்துக்கும் அரை டன் தூவுவதைவிட ஒரு மாவுக்கு (ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலம்) முழு அளவு போடுங்கள். அடுத்த ஆண்டு அடுத்த மா. புழு பெருகும் ஓர் இடம் உருவானால் அங்கிருந்து பரவும். ஆட்டுக்கிடை வருகிற ஊர் என்றால் தயங்காமல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாணம், மூத்திரம், கிளறல் மூன்றும் ஒரே இரவில் கிடைக்கும்.

வைக்கோலை முழுவதும் விற்காதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது வயலில் விடுங்கள். ஆனால் நடவுக்கு முந்தைய வாரம் மடக்கி உழுதால் பயிர் மஞ்சளடிக்கும். வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ளும். மூன்று, நான்கு வாரம் முன்னதாக மடக்குங்கள், அல்லது பசுந்தாளோடு சேர்த்து மடக்குங்கள். வாழை, தென்னை, காய்கறி என்றால் மடக்கவே வேண்டாம், மூடாக்காக மேலே பரப்புங்கள். வெயில் படாத ஈரமும் தலைக்கு மேல் உணவும் கிடைத்தால் புழு மேல்மண்ணிலேயே தங்கும்.

சாணம், கோமியம் முதலியவற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் பற்றி என் கருத்து: ஊற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் மூடாக்கும் தழையும் இல்லாத மண்ணில் அதை மட்டும் ஊற்றுவது, அரிசி இல்லாத வீட்டுக்கு உறை மோர் கொடுப்பது போல.

நான்காம் படி: உழவைக் குறையுங்கள், நேரம் பார்த்து உழுங்கள்

40 நாடுகளில் 215 வயல் ஆய்வுகளை 2017-இல் தொகுத்ததில், உழாத நிலத்தில் மண்புழு எண்ணிக்கை, மண்ணைப் புரட்டி உழும் நிலத்தைவிடச் சராசரியாக 137 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆழ வளை தோண்டும் பெரிய புழுக்களுக்குத்தான் உழவால் சேதம் அதிகம்.

நெல் விவசாயியிடம் உழவே வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல, சேற்றுழவு இல்லாமல் களையும் தண்ணீரும் பிடிபடாது. ஆனால் உழாத சாகுபடி டெல்டாவுக்குப் புதிதில்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளிக்கிறோமே, அது உழவே இல்லாத பயிர்தான். பனியிலும் மிச்ச ஈரத்திலும் வளரும், வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும். அறுவடை இயந்திரத்தின் எடை இளஞ்செடியை மிதித்துவிடுகிறது என்பதற்காகப் பலர் அதைக் கைவிட்டு வருகிறார்கள். மண் கொஞ்சம் இறுகக் காயவிட்டு இயந்திரத்தை இறக்குவது, முடிந்தால் சக்கர வண்டிக்குப் பதில் பெல்ட் வண்டியைக் கேட்பது என்று அதைக் காப்பாற்ற வழி தேடுங்கள். கைவிடாதீர்கள்.

உழுதே ஆக வேண்டிய இடத்தில்:

ரோட்டவேட்டரைக் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் வையுங்கள். முதல் உழவுக்குக் கொத்துக் கலப்பை போதும். மழைக்குப் பின் புழு மேலே இருக்கும் வாரத்தில் அரைத்தால் சேதம் மிக அதிகம். காய்ந்த கோடையில் அவை ஆழத்தில் இருப்பதால் மேலோட்டமான கோடை உழவு அவ்வளவு கெடுப்பதில்லை. இறுகிய ஓடு இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மண் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் ஒன்றரை அடிக்குக் கீறிவிடுங்கள். ஈரத்தில் கீறினால் ஓடு உடையாது, வழித்துப் பூசியதுபோல் ஆகிவிடும். கீறிய கையோடு சணப்போ ஆமணக்கோ விதைத்து அந்தப் பிளவில் வேரை இறக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் பிளவு மூடிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: குருணையை நிறுத்துங்கள்

இலையில் தெளிக்கும் மருந்தில் ஒரு பகுதிதான் மண்ணுக்கு வருகிறது. குருணை முழுவதும் மண்ணுக்குத்தான் போகிறது. ஃபோரேட், கார்போஃபியூரான் இரண்டும் மண்புழுவுக்குக் கொடிய நஞ்சு. குருணை போட்ட மறுநாள் வயலோரம் புழுக்கள் மேலே வந்து வீங்கித் துடித்துக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நான் முதலில் பார்த்த அன்று அது என்னவென்று புரியவில்லை. புரிந்த பிறகு மறக்க முடியவில்லை. செத்த புழுவைத் தின்னும் பறவைக்கும் அந்த நஞ்சு போகும். ஃபோரேட் விற்பனை 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்தப்பட்டது. கார்போஃபியூரானில் 3 சதவீதக் குருணை தவிர மற்றவை 2023-இல் தடை செய்யப்பட்டன. அந்த 3 சதவீதம் இன்னும் கடையில் இருக்கிறது.

நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை, வயலுக்குள் பறவைத் தாங்கி ஆகியவை இருக்கின்றன. நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டால் அதில் இருக்கும் முட்டைக் குவியல் அப்படியே போய்விடும். வாழையில் நூற்புழுவுக்குக் குருணைக்குப் பதில், சணப்பை ஊடுபயிராக விட்டு மடக்கலாம், செண்டுமல்லியும் நடலாம்.

பூஞ்சணக் கொல்லிகளை யாரும் சந்தேகப்படுவதில்லை. கார்பென்டாசிம் மண்புழுவுக்கு எவ்வளவு கெடுதல் என்றால், மற்ற மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் வயல் ஆய்வுகளில் அதையே ஒப்பீட்டு நஞ்சாக வைக்கிறார்கள். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா அதற்குப் பதிலாகப் போதும். மயில்துத்தக் கலவையை ஆண்டுதோறும் தெளிக்கும் தோட்டங்களில் தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அது மக்கிப் போகிற பொருளல்ல.

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று புழுவுக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. இலுப்பைப் புண்ணாக்கில் உள்ள சப்போனின் மண்புழுவை வெளியே விரட்டும். புல்தரையில் புழு வேண்டாம் என்பவர்கள் அதைத்தான் கரைத்து ஊற்றுவார்கள். வயலில் போடும்முன் யோசியுங்கள்.

ஆறாம் படி: உரத்தை அளவோடு, பிரித்துப் போடுங்கள்

ரசாயன உரம் பட்டாலே புழு செத்துவிடும் என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். அளவோடு போட்ட உரத்தில் வேரும் தாளும் கூடினால், அவை மண்ணுக்குத் திரும்பினால், புழுவும் கூடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் நடக்கும் புல்வெளிச் சோதனையில், ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் மட்டுமே பெற்ற பாத்திகள் புளித்துப்போய் மண்புழுவே இல்லாமல் ஆயின. காய்ந்த புல் மக்காமல் மேலே மெத்தைபோல் சேர்ந்துகொண்டே போனது. காவிரி வண்டலில் அவ்வளவு சீக்கிரம் அமிலம் ஏறாது. நீலகிரித் தேயிலை மண்ணிலும் புளித்த செம்பொறை மண்ணிலும் இது உண்மையான கவலை.

நமக்கு நடைமுறையில் வேண்டியது: ஒரே தவணையில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரிப்பது, இலைவண்ண அட்டை பார்த்து யூரியா போடுவது, மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்று வந்தால் டி.ஏ.பி.யை நிறுத்துவது. மணிச்சத்து மிதமிஞ்சிய மண்ணில் வேர், தனக்குச் சத்துத் தேடித் தரும் துணையான வேம் (VAM) பூஞ்சையை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

ஏழாம் படி: தண்ணீரும் வரப்பும்

தொடர்ந்து தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று தீர்ந்துவிடும், பெரும்பாலான மண்புழுக்கள் வரப்புக்கு ஏறிவிடும். அதற்காக நெல் வயல் உயிரற்றது என்று எண்ண வேண்டாம். தெளிந்த தண்ணீரில் குனிந்து பாருங்கள். சேற்றுக்குள் தலையை விட்டு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு நூல்போன்ற புழுக்கள் தெரியும். அவை மண்புழுவின் உறவுக்காரர்கள். சேற்றைக் கீழிருந்து மேலாகக் கிளறித் தழைச்சத்தை வெளியே விடுகின்றன. குருணை அவற்றையும் கொல்லும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். மயிரிழை வெடிப்பு விட்டதும் அடுத்த தண்ணீர். வேருக்கும் நுண்ணுயிருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும், மீத்தேன் குறையும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும். திருந்திய நெல் சாகுபடி செய்பவர்களுக்கு இது பழகிய முறை.

வரப்பை ஆண்டுதோறும் சீவித் தேய்த்து ஒற்றையடிப் பாதையாக்கி வருகிறோம். வரப்புதான் புழுவின் தாய்வீடு. வெள்ளத்திலும் உழவிலும் தப்பிய புழுவும் முட்டைக்கூடும் அங்கேதான் இருக்கின்றன. நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்ட நிலங்களில் புழுவை விட்டு அளந்தபோது அவை ஆண்டுக்கு 10 மீட்டர் அளவே பரவின. அதனால் பெரிய வயலின் நடுப்பகுதி நிரம்பப் பல ஆண்டு ஆகும். வரப்பை இரண்டு அடிக்குக் குறையாமல் அகலமாக விடுங்கள். களைக்கொல்லி அடிக்காதீர்கள். அதன்மேல் தட்டைப்பயறோ துவரையோ போடுங்கள். தோட்டக்கால் என்றால் 20 மீட்டருக்கு ஒரு பட்டை, ஓரடி அகலத்துக்கு, உழாமல் புல்லோடு விடுங்கள்.

பரவுவதை விரைவாக்க விரும்பினால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் உங்கள் மரத்தடியிலிருந்தோ வரப்பிலிருந்தோ புழு நிறைந்த மண்கட்டிகளை அப்படியே வெட்டி, தழைமூடாக்கு போட்ட இடத்தில் பதியுங்கள். மாலையில் செய்யுங்கள். முட்டைக்கூடும், பூஞ்சையும், பழகிய மண்ணும் சேர்ந்தே போகும்.

எத்தனை நாளில் தெரியும்

முதல் ஆண்டில் புழு எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இருக்காது. மேல்மண் கொஞ்சம் பொலபொலப்பாகும், மழைக்குப் பின் தண்ணீர் தேங்கும் நேரம் குறையும். இந்த ஆண்டில்தான் பலர் மனம் தளர்ந்து விடுகிறார்கள். அதனால் எல்லா நிலத்திலும் இறங்காமல் ஒரு மாவில் மட்டும் தொடங்குங்கள். உரத்தை ஒரேயடியாக நிறுத்தி விளைச்சலை இழந்து கடனாளியாகாதீர்கள். தழையும் எருவும் ஏற ஏறக் கால் பங்கு, அரைப் பங்கு என்று குறையுங்கள். இரண்டாம் மழைக்காலத்தில் வரப்போரக் குழிகளில் எண்ணிக்கை கூடும், நடுவில் சின்னப் புழுக்கள் வரும். ஆழ வளை தோண்டும் பெரிய புழுக்கள் கடைசியாகத்தான் வரும்.

ஒரு நோட்டில் தேதி, குழி இருந்த இடம், எண்ணிக்கை, அதற்கு முன் பெய்த மழை, கடைசியாகப் போட்ட மருந்து ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த கார்த்திகையில் அதே இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குழி எடுங்கள். பழைய குழியின் மண் ஏற்கெனவே கிளறப்பட்டது, அது சரியான கணக்குத் தராது. எண்ணி முடித்ததும் புழுக்களை வெயிலில் விடாமல் மண்ணில் வைத்து, மேலே ஒரு கை தழை போட்டு மூடிவிட்டு வாருங்கள். கொக்கு பார்த்துக்கொண்டிருக்கும்.